கையெழுத்து போடும் நேரம்

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில், மடியில் தூங்கும் பிள்ளையோடு, நீங்கள் ஒருமுறையாவது காத்திருந்ததுண்டா? இருந்திருந்தால் கோகிலாவின் வலது கால் எந்த நிலைமையில் இருந்தது என்று உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் பாதத்தில் எறும்பு ஊறும். அப்புறம் அந்த எறும்பெல்லாம் கூட்டம் சேர்த்துக்கொண்டு தொடைக்கு ஏறும். அதற்கும் அப்புறம் கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோய், யாரோ பஸ்ஸில் வைத்துவிட்டு இறங்கிப் போன சாமான் மாதிரி அது பாட்டுக்குக் கிடக்கும். காலை மாற்றி வைக்கலாம்தான். மாற்றினால் தன்யா எழுந்துவிடுவாள். எழுந்தால் இந்த வராண்டாவில் திறக்க என்னென்ன இருக்கிறது என்று பார்க்கப் போய்விடுவாள். ஆகவே கோகிலா காலை விட்டுக்கொடுத்துவிட்டாள். கால்தானே, வீட்டுக்குப் போய்த் தேய்த்துக்கொண்டால் வந்துவிடும். "ஐயா வந்துருவாரும்மா, உக்காரு," என்று ரைட்டர் குமரேசன் உள்ளேயிருந்து சொன்னது காலையில். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை, ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ஏட்டு. ஆனால் இத்தனை மாதமாக அவர் சொன்னதையெல்லாம் கோத்தால் கதைக்குக் குறைவில்லை என்று கோகிலா நினைத்துக்கொண்டாள். வந்துருவாரு. அந்த ஒரு சொல்லை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று இந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால்தான் தெரியும். புகையிலையை அதக்கிக்கொண்டு சொன்னால் மதியத்துக்கு மேல் என்று அர்த்தம். முகத்தைப் பார்த்துச் சொன்னால் சாயங்காலம். பாவப்பட்டுச் சொன்னால் இன்றைக்கு இல்லை. இன்ஸ்பெக்டர் பெரிய ஆள் யாரோ வருகிற ரோட்டுக்குப் பந்தோபஸ்து போயிருந்தார். முன்னால் வேப்பமரத்தடியில் பிடித்துவைத்த பைக்குகள் சாய்ந்துகிடந்தன. ஒன்றின் சக்கரக் கம்பிகளுக்குள் கோவைக்கொடி புகுந்து, சீட்டில் ஏறி, கண்ணாடியைச் சுற்றிக் காயே காய்த்திருந்தது. நம்ம ஃபைலும் எந்த மேசையிலாவது இப்படிக் காய்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. உடனே காலையில் லோடு ஆட்டோவை கேட் முன்னால் நிறுத்தி அவளை இறக்கிவிட்டபோது அவள் புருசன் தனபால் சொன்னது ஞாபகத்துக்கு வந்து சிரிப்பு பாதியில் நின்றது. "என்ன கேட்டாலும் சிரிச்சுட்டு வந்துராத, கோகி." அவ்வளவுதான் சொன்னான். ஆட்டோவை எடுக்குமுன் இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டான். இப்போதெல்லாம் ஏறுமுன் எப்போதும் குனிந்து பார்க்கிறான்.

இளநீர் லோடு ஓட்டுகிறவனுக்குப் பிஸ்டல் எதற்கு? கலெக்டர் ஆபீஸில் கேட்டார்கள், தாலுகா ஆபீஸில் கேட்டார்கள், சொந்தக்காரர்கள் பந்தியில் கேட்டார்கள். ஒரு சாயங்காலம் வாய்க்கால் மடை திறக்கப் போனான் தனபால். படிக்கட்டில் கோகிலாவுக்கு அண்ணன் முறையாகும் சென்னியப்பன் குந்தி உட்கார்ந்து அருவாளைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "என்ன மாப்ள, காப்பித்தண்ணி குடிச்சாச்சா?" என்று கேட்டார். இவனும், "ஆச்சுங்க மச்சான்," என்று சொல்லிவிட்டு நடந்தான். நாலு எட்டு வைத்த பிறகு மக்காச்சோளத் தட்டைகளுக்குள் கால் தெரிந்தது. செருப்புப் போட்ட கால் ஒன்று, போடாத கால் ஒன்று. சென்னியப்பனின் பங்காளி ஈஸ்வரமூர்த்தி. கிணற்றுப் பாத்தியத் தகராறு, ஊருக்கே தெரிந்ததுதான். தனபால் அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னான். பார்த்த ஆள் அவன் ஒருத்தன்தான். ஆனால் பிணத்தைப் பார்த்ததைவிட, "ஆச்சுங்க மச்சான்" என்று தன் வாய் சொன்னதுதான் அவனை இன்னமும் அரிக்கிறது. "எப்படிக் கோகி சொன்னேன், எப்படிச் சொன்னேன்," என்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பான். வேறென்ன சொல்வது? காப்பி குடித்தாயா என்று கேட்டால் குடித்தேன் என்றுதானே சொல்ல வரும். முன்பெல்லாம் டிவியைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறவன், சென்னியப்பன் ஜாமீனில் வந்த நாளிலிருந்து வாசலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறான். வக்கீல்தான் சொன்னார், கேஸ் நடந்து முடிகிறவரைக்கும் உயிருக்கு ஆபத்து என்று எழுதிக் கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டுப் பார் என்று. கேட்டார்கள். கேட்டதோடு சரி, ஃபைல் மேயப் போன ஆடு மாதிரி போய்விட்டது. வி.ஏ.ஓ.விடம் இருக்கிறது என்றார்கள், வி.ஏ.ஓ. மாறிப் போயிருந்தார். தாசில்தாரிடம் போனால், போலீஸ் ரிப்போர்ட் வரவில்லை. போலீஸிடம் வந்தால், மேலே அனுப்பியாச்சே. மேலே போனால் தேர்தல். தேர்தல் வந்தால் லைசென்ஸ் உள்ளவனே துப்பாக்கியை ஸ்டேஷனில் கொண்டுவந்து ஒப்படைக்கிறான், இல்லாதவனுக்குப் புதுசாக யார் கொடுப்பார்கள்? அதுவும் நியாயம்தான். ஒவ்வொரு இடத்திலும் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். யாரையும் நின்று திட்ட முடியவில்லை. எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், ஒருத்தர் தன்யாவுக்குப் பேனா கொடுத்துக் கிறுக்கச் சொன்னார், இன்னொருத்தர் "உங்க ஊர்ல மழைங்களா?" என்று கேட்டார். அத்தனை அன்பான மனுஷர்களைத் தாண்டி ஒரு காகிதம் நகரவில்லை.

நகராமல் இருந்தால் நல்லது என்று அவளுக்குள் ஒருத்தி நினைத்தாள். இதைத் தனபாலிடம் சொன்னதில்லை. துப்பாக்கியைப் பூட்டி வைக்க இடம் இருக்கிறதா என்று ஒருத்தர் வீட்டுக்கே பார்க்க வந்தார். கோகிலா பீரோவைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு பூட்டு அறை, அதற்கு ஒரு சாவி, சாவி இங்கே, அரிசி டிரம்முக்குப் பின்னால். அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டு போனார். அன்றைக்கு மத்தியானம் துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால் பூட்டு அறை திறந்து கிடக்கிறது, உள்ளே தன்யாவின் பிளாஸ்டிக் யானை படுத்திருக்கிறது, மேலே துண்டு போர்த்தி. "யானை தூங்குது, சத்தம் போடாதம்மா." சாவியைப் பூஜை மாடத்துக்கு மாற்றினாள், தன்யா ஸ்டூல் போட்டு எடுத்தாள். கடுகு டப்பாவுக்கு மாற்றினாள், கடுகு அத்தனையும் தரையில். எந்த டப்பாவையும், எந்தப் பெட்டியையும், எந்தப் பையையும் அவள் விட்டது கிடையாது; பிறந்ததிலிருந்து கை அப்படி. நல்ல கை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், எதையாவது கண்டுபிடிக்கப் போகிற கை. இப்போது மடியில் அந்தக் கை விரிந்து கிடந்தது, உள்ளங்கையில் பேனா மை. கோகிலா அதைப் பார்த்தாள். அந்த யானை இருந்த இடத்தில். துண்டு போர்த்தி. யானையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைத்துப் பார்க்கும்போதெல்லாம் உடனே யோசனையை வேறு பக்கம் திருப்புவாள், மாட்டுக்குத் தவிடு வாங்கணும், கேஸ் சிலிண்டர் தீரப்போகிறது, மோட்டாருக்குப் பெல்ட்டு. ஆனால் யோசனையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது செக்குமாடு மாதிரி சுற்றி அந்த பீரோவுக்கே வந்து நின்றது. துப்பாக்கி வந்தால் பிள்ளை. வராவிட்டால் புருசன். இதற்கு நடுவில் ஒரு இடம் இருந்தால் அங்கே பாயை விரித்துவிடலாம்.

இன்றைக்கு எதற்கு அவளை மட்டும் வரச் சொன்னார்கள் என்றால், பால் சொசைட்டியில் நடந்த ஒரு விஷயம்தான். மேலே போன ஃபைல் திரும்பி வந்துவிட்டது. புருசன் உயிருக்கு ஆபத்து என்கிறான், பெண்டாட்டி ஆபத்தே இல்லை என்று சொல்லியிருக்கிறாள், இதில் எது சரி, அந்தம்மாவைத் திரும்ப விசாரித்து எழுது என்று. கோகிலா அப்படிச் சொன்னதும் உண்மைதான். எப்படிச் சொன்னாள் என்று கேளுங்கள். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் வீட்டுக்கு வரவில்லை. வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிடலாம் என்று காலையில் நேராகப் பால் சொசைட்டிக்கு வந்தார்; அங்கேதான் ஊர் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும். அந்த ஊர்ப் பக்கம் எல்லா விசாரணையும் அப்படித்தான் நடக்கும், கல்யாணத்துக்குப் பொண்ணு விசாரிப்பதிலிருந்து கடன் விசாரிப்பது வரை. கோகிலா கேனோடு வரிசையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் தள்ளி, தோளில் துண்டோடு, கையில் பால் தூக்குப் போசியோடு, சென்னியப்பன் அண்ணன் நின்றார். போலீஸ்காரர் பைக்கில் இருந்து இறங்காமலே சத்தமாகக் கேட்டார். "தனபால் சம்சாரம் நீதானம்மா? உங்களுக்கு யாராலயாச்சும் மிரட்டல் கிரட்டல் இருக்குதா?" வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பாலை அளந்துகொண்டிருந்த கை நின்றது. அந்த நிமிஷத்தில் என்ன சொல்ல முடியும்? இதோ நிற்கிறாரே இவரால்தான் என்று கேனை வைத்துவிட்டுக் கை காட்டுவதா? அவளுடைய வாய் அவளைக் கேட்காமலே சிரித்தது. "எங்களுக்கு யாருங்க பகை? எல்லாரும் சொந்தபந்தந்தானுங்க." எல்லோரும் சிரித்தார்கள். போலீஸ்காரரும் சிரித்தார். பால் மறுபடி கேனில் விழுகிற சத்தம் கேட்டது. பின்னாலிருந்து சென்னியப்பன், "பின்னே," என்றார். போலீஸ்காரர் பெட்ரோல் டேங்க் மேல் தாளை வைத்து எழுதினார், அவள் பால் கையோடு கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்து தனபாலிடம் சொன்னபோது அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "நானும் ஆச்சுங்க மச்சான்னுதான் சொன்னேன்," என்றான். வக்கீல்தான் விளக்கினார். "துப்பாக்கி போனாப் போகுதும்மா. பயம் இல்லைன்னு உங்க வாயாலயே சொல்லிட்டீங்க. நாளைக்கு அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தப் பேப்பர்தான் பேசும். கோர்ட்லயும் இதையே எடுத்து ஆட்டுவாங்க, பொண்டாட்டிக்கே பயமில்ல, இவன் பொய் சொல்றான்னு." இல்லை என்று அவள் சொன்னபோது பயம் அந்தச் சிரிப்புக்குள் எப்படி அடங்கிக் கிடந்தது என்று எந்தப் பேப்பரில் எழுதுவது? பள்ளிக்கூடத்தில் டீச்சர் அடித்தால்கூட அவள் சிரிப்பாள். திமிர் என்று இன்னும் ரெண்டு விழும். பிரசவ வலியில் சிரித்தாள், நர்ஸ் இன்னும் நேரமிருக்குது என்று டீ குடிக்கப் போய்விட்டாள், பிள்ளை ஏறக்குறையத் தானாகவே வந்தது. முகம் அப்படி வாய்த்துவிட்டது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால்தான் அது இறங்கும், புடவைக்கொசுவம் அவிழ்கிற மாதிரி.

வெயில் ஏறியதும் அவளுக்கு இன்னொரு கஷ்டம் சேர்ந்துகொண்டது. ஒன்றுக்குப் போக வேண்டும். பின்னால் கக்கூஸ் இருந்தது, பூட்டியிருந்தது. சாவி லேடி கான்ஸ்டபிளிடம் இருக்கிறது, லேடி கான்ஸ்டபிள் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறாள். "வந்துருவாங்கம்மா." வந்துருவாங்க. கோகிலாவுக்கு இப்போது நிஜமாகவே சிரிப்பு வந்தது, தொடையை இடுக்கிக்கொண்டு சிரித்தாள், சிரித்தால் இன்னும் கஷ்டமாக இருந்தது. எல்லாம் பூட்டியிருக்கிறது, சாவி எல்லாம் எங்கேயோ பந்தோபஸ்து போயிருக்கிறது. ஃபினாயில் வாசனை. உள்ளே வயர்லெஸ் கரகரவென்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டேயிருந்தது, யாரும் பதில் சொல்லவில்லை. எழுந்து வெளியே போய் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வரலாம். அந்த நேரம் பார்த்து ஐயா வந்துவிட்டால்? வந்து, அந்தம்மா எங்கே, போயிடுச்சுங்க, சரி பழசையே அனுப்பு என்று சொல்லிவிட்டால்? போன முறை தனபால் ஒரு டீ குடிக்கப் போய் அப்படித்தான் ஆயிற்று. எழுந்திருக்கக் கூடாது. பெஞ்சை விடக் கூடாது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்து ஒரு ஆறுதல். சென்னியப்பனுக்கு நிபந்தனை ஜாமீன். தினமும் காலையில் இதே ஸ்டேஷனுக்கு வந்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து போடும் நேரம் தாண்டட்டும் என்றுதான் தனபால் அவளைத் தாமதமாகக் கொண்டுவந்து விட்டான். போட்டிருப்பார், போயிருப்பார். இந்நேரம் தோட்டத்தில் இருப்பார். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், கோவைக்கொடி பைக்கைத் தாண்டி வெள்ளை வேட்டி ஒன்று வராண்டாப் படியேறும்வரை.

பந்தோபஸ்தினால் காலையில் நோட்டை எடுக்க ஆள் இல்லையாம். அப்புறம் வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். போய், டீ குடித்து, முடி வெட்டிக்கொண்டு, திரும்பி வந்திருக்கிறார். பிடரியில் பவுடர் ஒட்டியிருந்தது. வராண்டாவில் இருந்தது ஒரே பெஞ்சு. "ஏனம்முணி, வந்து ரொம்ப நேரமாச்சாட்ட இருக்குது," என்று சொல்லிக்கொண்டே அவர் அந்தக் கோடியில் உட்கார்ந்தார். பெஞ்சு அவர் பக்கம் லேசாகத் தணிந்தது, கோகிலாவின் பக்கம் லேசாக எழும்பியது. "இல்லீங்ணா, இப்பத்தானுங்க," என்றது அவள் வாய். "மாப்ள வரலியா?" "லோடு இருக்குதுங்ணா." அவர் என்று நினைப்பதா அவன் என்று நினைப்பதா என்பதே அவளுக்கு இன்னும் தீரவில்லை. தனபால் அவன் என்றுதான் சொல்கிறான். அவளுக்கு நாக்கு புரளவில்லை. அவள் கூட்டத்துக்காரர், ஒரே குலக்கோயில். தன்யாவுக்குக் காது குத்தும்போது கோகிலாவின் கூடப்பிறந்தவன் மஸ்கட்டில் மாட்டிக்கொண்டு லீவு கிடைக்கவில்லை, தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது என்று எல்லோரும் கையைப் பிசைந்தபோது, நானில்லையா என்று சட்டையைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தவர் இவர். இந்த மடியில்தான் உட்கார்த்தி வைத்துக் குத்தியது. தன்யா கத்திய கத்தில் ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டார். இவர் அந்தக் காதில் ஊதி ஊதி, எறும்பு கடிச்சதுடா சாமி, எறும்பைக் கொன்னுட்டேன் பாரு என்று தரையைத் தட்டிக் காட்டினார். அந்தக் கையா? அதே கைதான். கை ஒன்றுதானே ஒரு மனுஷனுக்கு. காதில் ஊதிய வாய், காப்பி குடிச்சாச்சா என்று கேட்ட வாய், எல்லாம் ஒன்று. அதை அப்படிச் சேர்த்து நினைக்கும்போது அவளுக்குப் பெஞ்சு ஆடுகிற மாதிரி இருந்தது. மடியில் தன்யா புரண்டாள். தூங்கு சாமி, தூங்கு, எழுந்துக்காத. தன்யா கண்ணைத் திறந்தாள். திறந்து, தலையைத் திருப்பி, பார்த்தாள். "மாமா."

பிள்ளைக்கு என்ன தெரியும்? மடியிலிருந்து வழுக்கி இறங்கி, பெஞ்சைப் பிடித்துக்கொண்டே போய், அவர் முழங்கால் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கோகிலா எழுந்து பிடிக்கப் பார்த்தாள். மரத்த கால் எழவில்லை. ஆயிரம் ஊசி. "விடு அம்முணி, இருக்கட்டும்," என்றார் அவர். தன்யா அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். சில்லறை, பீடிக்கட்டு, சாவி ஒன்று. "இது எந்தூட்டுச் சாவி?" "உங்கூட்டுச் சாவிதான்," என்றார் சென்னியப்பன். விளையாட்டுக்குத்தான். கோகிலாவும் சிரித்தாள். "தோடு மாத்தியாச்சாட்ட இருக்குது," என்று பிள்ளையின் காது மடலைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் குரலை மாற்றாமல், அதே தோடு பேசுகிற குரலில், "மாப்ள பிஸ்டல் கேட்டிருக்காராமா," என்றார். கோகிலாவுக்கு மூத்திரப்பை இறுகியது. "காட்டுக்குள்ள பன்னி வருதுங்ணா." "பன்னிக்கு யாராச்சு பிஸ்டல் வாங்குவாங்களா அம்முணி," என்று அவர் உடம்பு குலுங்கச் சிரித்தார், மடியில் தன்யாவும் சேர்ந்து குலுங்கினாள், சந்தோஷமாக. "கொளந்தை இருக்கற வீட்டுக்கு அதெல்லாம் எதுக்கு? எங்கூட்டுக்கு வந்தாலே அஞ்சறைப்பெட்டியில இருந்து சீப்புப்பெட்டி வரைக்கும் தொறந்து போடுவா. நீ தோட்டத்துப் பக்கம் போயிருப்ப, மாப்ள லோடுக்குப் போயிருப்பாரு. ஒரு நிமிசம் போதும். எடுத்து இப்படித் திருப்பிப் பாத்தாள்னு வெய்யி," என்று தன்யாவின் கையைப் பிடித்து பிள்ளையின் முகத்துக்கு நேராகவே திருப்பிக் காட்டினார். அவர் விரலுக்குள் அந்த மை படிந்த கை. "உம் நல்லதுக்குத்தான் சொல்றேன்." 

அவளுடைய பீரோ, அவளுடைய யானை, அவள் ஒருத்தரிடமும் சொல்லாத அந்த மத்தியானம், எல்லாம் பேர் சொல்லாமலே இவர் வாயில் எப்படி வந்தது? தனியாகக் கிணற்றடியில் பேசிக்கொண்டதை ஒட்டுக்கேட்ட மாதிரி. அவர் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. அத்தனை மாதம் அவளுக்குள் சுற்றிய பயத்தை எடுத்துத் துடைத்து, பிள்ளையின் கையில் வைத்து, இந்தா உன்னுடையதுதான் என்று காட்டுகிறார். சரியென்று சொன்னால் போதும். சரிங்ணா, நீங்க சொல்றது சரிதானுங்ணா. அப்புறம் பிள்ளையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறலாம். ஆனால் அவர் சொன்னதில் ஒன்று மட்டும் அவள் நினைக்காதது. நீ தோட்டத்துப் பக்கம் போயிருப்ப, மாப்ள லோடுக்குப் போயிருப்பாரு. அவள் பயத்தில் அந்த வீட்டில் பிள்ளை மட்டும்தான் இருந்தாள், பீரோ இருந்தது. இவர் காட்டிய பயத்தில் யார் எப்போது வீட்டில் இருக்க மாட்டார்கள் என்பது இருந்தது. அதை எண்ணி வைத்தது யார்? எதற்கு? அந்த இடத்தில் அவள் யோசனை முள்ளில் மாட்டிய முந்தானை மாதிரி நின்றுவிட்டது, இழுத்தாலும் வரவில்லை. கேட்டுக்கு வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று, அவள் ஊர் பஸ்தான்.

குமரேசன் நோட்டோடு வெளியே வந்தார். "சென்னியப்பா, போடுப்பா." பிள்ளையை ஒரு கையில் அணைத்தபடியே சென்னியப்பன் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு எழுந்து போகவில்லை. ரைட்டர் நாற்காலியை இழுத்து அவர்கள் முன்னாலேயே உட்கார்ந்து, அட்டையில் வெள்ளைத்தாளைக் கிளிப்பில் செருகினார். "ஐயா வரச் சாயங்காலம் ஆயிரும்னு போன் வந்துருச்சும்மா. என்னையே எழுதி வெக்கச் சொல்லீட்டாரு. இங்கியே சொல்லீரு, உள்ள ஃபேன் ஓடல." கோகிலா ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தாள். குமரேசனும் பார்த்தார்; பார்த்துவிட்டு, "அவரு உங்க சொந்தந்தானே, இருந்துட்டுப் போறாரு," என்றார். மறுபடி பால் சொசைட்டி. அதே வரிசை, அதே பைக், கேன் மட்டும்தான் இல்லை. ரைட்டர் பழைய தாளை எடுத்துப் படித்தார். "எங்களுக்கு யாருடனும் முன்விரோதம் கிடையாது, யாராலும் அச்சுறுத்தல் இல்லை... இதானே சொல்லியிருக்க? இதையே மறுபடி எழுதிறட்டுமா? எழுதிட்டா ஃபைலு முடிஞ்சுரும். உனக்கும் அலைச்சல் மிச்சம், இந்தப் பஸ்ஸு போனாலும் அடுத்ததுக்குப் போயிரலாம்." முடிந்துவிடும். எத்தனை இனிப்பான சொல். இந்தப் பெஞ்சு முடிந்துவிடும், பூட்டிய கக்கூஸ் முடிந்துவிடும், பீரோவில் யானை தூங்கிக்கொண்டேயிருக்கும். "பின்னே," என்றார் சென்னியப்பன், அன்றைக்குச் சொன்ன மாதிரியே, அதே இழுப்பில். அந்த ஒரு சொல்லில் அவளுக்குப் பால் வாசனை அடித்தது. கையெழுத்துப் போட்ட விரலின் பிசுபிசுப்பு. வாய் திறக்கப் போகிறது, சிரிப்பு ஏறி வருகிறது, கன்னம் இரண்டும் அவளைக் கேட்காமல் மேலே போகின்றன. நிறுத்த முடியாது. இந்த இருபத்தைந்து வயசு வரைக்கும் இந்த முகத்தை யாரும் நிறுத்தியதில்லை. சரி, சிரிப்பு வரட்டும், அது அது பாட்டுக்கு வரட்டும். அதன் பின்னாலேயே வேறொன்றை அனுப்ப முடியுமா என்று பார்க்கலாம். முதலில் பிள்ளை.

"அண்ணா, பாப்பாவ இப்படிக் குடுங்க."

"இருக்கட்டும் அம்முணி, எம்மடிதானே."

"ஒண்ணுக்கு வரும் அவளுக்கு. குடுங்ணா." கையை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கவில்லை. ரைட்டர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். சென்னியப்பன் ஒரு கணம் பிள்ளையின் தலைக்கு மேல் அவளையே பார்த்துவிட்டு, தூக்கிக் கொடுத்தார். தன்யாவின் கையில் இன்னும் அந்தச் சாவி இருந்தது. கோகிலா அதை விரல் விரலாகப் பிரித்து எடுத்து, பெஞ்சில், தனக்கும் அவருக்கும் நடுவில் வைத்தாள். பிள்ளையின் கனம் மடியில் ஏறியதும் செத்த கால் திடீரென்று உயிர் வந்து எரிந்தது.

"பழசு வேண்டாங்க சார். அன்னிக்கு நான் பால் ஊத்தற எடத்துல நின்னுட்டு சொன்னதுங்க அது. இவரு எம் பின்னாடி நின்னாரு. இப்பவும் பக்கத்துல உக்காந்திருக்கறாரு, அதனால ஒரே தரந்தான் சொல்லுவேன், எழுதிக்கங்க. எங்கூட்டுக்காரரு பாத்தது நெசம். நான் எப்ப தோட்டத்துக்குப் போறேன், அவரு எப்ப லோடுக்குப் போறாருன்னு இந்தண்ணன் கணக்கு வெச்சிருக்கறாரு. இப்பத்தான் எங்கிட்டயே சொன்னாரு." 

"நான் எப்ப அம்முணி..." என்று ஆரம்பித்த சென்னியப்பன் நிறுத்திக்கொண்டார். வயர்லெஸ் கரகரத்தது. குமரேசன் பேனாவைத் தாளில் வைக்கவில்லை. அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். துப்பாக்கி வருமா வராதா என்பது அந்த நேரத்தில் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. வந்தால் எங்கே வைப்பது என்று அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம், வராவிட்டால் வேறு வழி. பேப்பர் ஒன்று பேசப் போகிறது என்றால் அவள் பேசியதைப் பேசட்டும்.

"ஏம்மா," என்றார் ரைட்டர் கடைசியில், கொஞ்சம் எரிச்சலாக, கொஞ்சம் பயந்தும். "இப்படிப் பல்லு தெரியச் சிரிச்சுக்கிட்டே சொன்னா நான் இதை என்னன்னு எழுதறது?"

கோகிலா முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஆமாம், சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கன்னம் நனைந்துமிருந்தது.

"சிரிப்பு எனக்கு அப்படித்தானுங்க வரும். அதைப் பாக்காதீங்க சார். எனக்குப் பயமா இருக்குதுன்னு எழுதிக்கங்க."